கனரக யந்திரங்களுக்கு ஏற்ற காமிரா: தேர்ந்தெடுக்கும் முறை

ஏரி, கண்மாய்களில் தூர் வாரவும், மேடு பள்ளமான நிலத்தைச் சமன் செய்யவும், விளைந்த நெல்லை அறுக்கவும், நெசவாளர் குடியிருப்புகளுக்குச் சாலை போடவும் இன்று பெரிய யந்திரங்களே வருகின்றன. மண்வெட்டியும் கூடையும் கொண்டு பல நாட்கள் செய்த வேலையை அவை சில மணி நேரத்தில் முடித்துவிடுகின்றன. கூட்டுறவுச் சங்கங்களும் டிராக்டர் முதலிய சாதனங்களை வாங்கி அங்கத்தினர்களுக்கு வாடகைக்கு அளிக்கின்றன. இந்த யந்திரங்களால் விளையும் நன்மைகளை நாம் நன்கு அறிவோம். ஆனால் அவற்றுக்கு இயல்பாகவே உள்ள ஒரு குறையைப் பற்றி அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. ஓட்டுநர் ஆசனத்தில் அமர்ந்திருப்பவருக்கு, யந்திரத்தைச் சுற்றியுள்ள தரை முழுவதும் தெரிவதில்லை என்பதே அக்குறை.

தெரியாத அந்த இடத்தில் நிற்பவர்கள் யார்? மட்டம் பார்க்கும் உதவியாளர், வைக்கோல் சேர்க்கும் பெண்கள், வண்டல் ஏற்ற வந்த விவசாயி, வேடிக்கை பார்க்க ஓடி வந்த குழந்தைகள் ஆகிய நம்மவர்களே. யந்திரத்தின் இரைச்சலில் அவர்கள் குரல் ஓட்டுநருக்குக் கேட்பதில்லை. யந்திரம் பின்னோக்கி நகரும்போதோ, தன்னைத்தானே சுற்றும்போதோ கண்ணிமைக்கும் நேரத்தில் விபத்து நேர்ந்துவிடுகிறது.

இந்தக் குறையை ஓரளவு நீக்குவதற்குக் காமிராவும் திரையும் கொண்ட சாதனங்கள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. இது புத்தம் புதிய யோசனை அன்று. 1956ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பியூக் நிறுவனம் காட்சிக்கு வைத்த ஒரு மாதிரிக் காரில், பின்புறம் பார்க்கும் கண்ணாடிக்குப் பதிலாகத் தொலைக்காட்சிக் காமிரா அமைக்கப்பட்டிருந்தது. 2018ஆம் ஆண்டு மே முதல் அந்நாட்டில் விற்கப்படும் புதிய கார்கள் அனைத்திலும் பின்புறக் காமிரா கட்டாயமாயிற்று. ஆனால் காருக்கு ஏற்ற காமிரா மண் வெட்டும் யந்திரத்துக்கு ஏற்றதாகாது. தார்ச்சாலையில் செல்லும் காருக்கு இல்லாத புழுதி, சேறு, அதிர்ச்சி, வெப்பம் எல்லாம் இதற்கு உண்டு. வாங்கிய சில மாதங்களிலேயே படம் மங்கிப் போய்விட்டால், பணம் வீணாவதோடு அபாயமும் கூடுகிறது. திரையை நம்பிப் பழகிய ஓட்டுநர் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை விட்டிருப்பார் அல்லவா? ஆகவே கடையில் தெரியும் படத்தைக் காட்டிலும், மூன்றாம் மழைக்காலத்திலும் மாறாமல் தெரியும் படமே நமக்கு முக்கியம். அத்தகைய சாதனத்தைத் தேர்ந்தெடுக்கும் வழிகளை இங்கே முறையாகப் பார்ப்போம்.

மறைவிடங்களை அறிதல்

காமிரா வாங்குவதற்கு முன், எந்த யந்திரத்தில் எந்தப் பக்கம் மறைகிறது என்று அறிந்துகொள்ள வேண்டும். எக்ஸ்கவேட்டர் எனப்படும் சுழலும் மண்வெட்டி யந்திரத்தில் ஓட்டுநர் அறை இடப்புறம் உள்ளது. ஆதலால் அதன் பெரிய கை வலப்புறத்தை மறைக்கிறது. பின்னாலுள்ள என்ஜின் மூடியும் எடைக்கட்டியும் பின்புறத்தை மறைக்கின்றன. இந்த யந்திரம் இருந்த இடத்திலிருந்தே சுழலக்கூடியது. எனவே பின்னோக்கிச் செல்லாத வேளையிலும் அதன் பின்புறம் ஒருவரை இடித்துத் தள்ளிவிடும்.

ஜே.சி.பி. என்று மக்கள் வழங்கும், முன்னால் வாளியும் பின்னால் தோண்டு கையும் உடைய யந்திரத்தில், வாளியை உயர்த்தினால் முன்புறமும், பின்னோக்கி நகர்ந்தால் தோண்டு கைக்கு நேரே உள்ள இடமும் மறைகின்றன. டிப்பர் லாரியில் பின்புறம் அறவே தெரிவதில்லை. முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள தரையும், ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கமான இடப்புறமும் கூட மறைவுதான். நெல் அறுவடை யந்திரத்தில் ஓட்டுநருக்குப் பின்னால் தானியத் தொட்டி எழுந்து நிற்கிறது. டிரெயிலர் பூட்டிய டிராக்டரில் டிரெயிலரின் பின்கோடி தெரிவதில்லை.

சங்கத்தின் யந்திரத்தில் இதைக் கண்டறிய ஓர் எளிய சோதனை உண்டு. யந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சாவியை வெளியே எடுத்துவிட வேண்டும். ஓட்டுநர் தம் ஆசனத்தில் வழக்கம்போல் அமரட்டும். மற்றொருவர் ஒரு மீட்டர் உயரமுள்ள கோலை நட்டு நிறுத்திப் பிடித்தபடி யந்திரத்தைச் சுற்றி வரட்டும். சிறு குழந்தையின் உயரம் ஏறக்குறைய அவ்வளவுதான். நேரடியாகவோ கண்ணாடியிலோ கோல் தெரியாத இடங்களில் எல்லாம் சுண்ணாம்புப் பொடியால் கோடிட வேண்டும். சோதனை முடிந்ததும் ஓட்டுநரைக் கீழே இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வெண்கோட்டுக்குள் அடங்கிய பரப்பு அவருக்கே வியப்பளிக்கும்.

மண்வேலை யந்திரங்களின் பார்வைப் பரப்பை அளக்க ஐ.எஸ்.ஓ. 5006 என்ற சர்வதேசத் தர விதி ஒன்று உள்ளது. யந்திரத்தைச் சுற்றி 12 மீட்டர் ஆரமுள்ள வட்டத்திலும், யந்திரத்தை ஒட்டி ஒரு மீட்டர் தூரத்திலும் எவ்வளவு மறைகிறது என்று அது கணக்கிடுகிறது. நாம் சுண்ணாம்பால் செய்வது அதே கருத்தின் எளிய வடிவம். கோட்டுக்குள் அடங்கிய பகுதி எந்தப் பக்கம் அதிகமோ, அங்கே முதல் காமிரா வர வேண்டும். எக்ஸ்கவேட்டருக்குப் பொதுவாகப் பின்னால் ஒன்று, வலப்புறம் ஒன்று என இரண்டு தேவைப்படும்.

காமிராவின் உடலுறுதி

காமிராவின் தூசி, நீர்த் தடுப்பாற்றலை ஐ.பி. என்ற எழுத்துக்களுக்குப் பின்வரும் இரண்டு எண்களால் குறிப்பிடுகின்றனர். முதல் எண் தூசியைப் பற்றியது. 6 என்றால் தூசி உள்ளே அறவே புகாது என்று பொருள். இரண்டாவது எண் நீரைப் பற்றியது. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் மூழ்கியிருந்தாலும் கேடில்லை.

இதைக் கேட்டவுடன் ஐ.பி. 67 போதும் என்று தோன்றலாம். ஆனால் நம் யந்திரங்கள் வாட்டர் சர்வீஸுக்குப் போகின்றன என்பதை மறந்துவிடக் கூடாது. நீரில் மூழ்கினால் தாங்கும் காமிரா, அருகிலிருந்து வேகமாகப் பீய்ச்சும் நீரைத் தாங்கும் என்பது நிச்சயமில்லை. அதற்கென்று ஐ.பி. 69கே என்ற தனிச் சோதனை உண்டு. 80 டிகிரி செல்சியஸ் வெந்நீரை, 10 முதல் 15 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து உயர்ந்த அழுத்தத்தில் பீய்ச்சிச் செய்யும் சோதனை அது. இரண்டும் வெவ்வேறு சோதனைகள் ஆதலால், ஒன்றில் தேறியது மற்றொன்றிலும் தேறும் என்று கொள்ளலாகாது. சேற்றிலும் நீரிலும் இறங்கும் யந்திரத்துக்கு இரண்டிலும் தேறிய காமிராவைக் கேட்டு வாங்குவதே உசிதம்.

அடுத்தது அதிர்ச்சி. பாறையில் வாளி மோதும் ஒவ்வொரு முறையும் காமிராவுக்குள் உள்ள நுண்ணிய பாகங்கள் குலுங்குகின்றன. உட்புறத்தைப் பிசின் போன்ற பொருளால் நிரப்பி இறுக்கிய காமிராக்கள் இதை நன்கு தாங்கும். ஈரம் புகுந்து கண்ணாடியின் உட்புறம் ஆவி படிவதையும் அது தடுக்கும். மேலுறை உலோகமாக இருத்தல் நலம். தாங்கி தடித்த தகட்டாலானதாய், கழன்று வராத மரையாணிகளால் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். வெறும் பசையால் ஒட்டும் காமிராவை வாங்கவே கூடாது. கிளையும் கல்லும் படும் இடமாயின் மேலே ஓர் இரும்புக் காப்பு அவசியம்.

ஒயரும் இணைப்பும்

காமிரா பழுதாயிற்று என்று சொல்லப்படும் இடத்தில், காமிரா நன்றாக இருந்து ஒயரோ இணைப்போ கெட்டிருப்பது சாதாரணமாகக் காணப்படும் விஷயம். தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளரின் கண் உடனே கண்டுகொள்ளும். யந்திரத்தில் ஒயரின் உள்ளிழை அறுந்தால், படம் விட்டுவிட்டு வரும் வரை யாருக்கும் தெரியாது.

வீட்டுத் தொலைக்காட்சிக்குப் பயன்படும் செருகு முனைகள் அதிர்ச்சியில் மெல்ல மெல்லத் தளர்ந்துவிடும். மரை வளையத்தைத் திருகிப் பூட்டும் முனைகளே கனரக யந்திரங்களுக்கு ஏற்றவை. முனையினுள் ரப்பர் வளையம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். காமிராவுக்கு உயர்ந்த தரச் சான்றும், அதன் இணைப்புக்குச் சான்றே இல்லாமையும் உள்ள பொருள்கள் சந்தையில் உண்டு. எனவே சான்று இரண்டுக்கும் உண்டா என்று கேளுங்கள்.

ஒயரைப் பொருத்துவதிலும் கவனம் வேண்டும். புகைக்குழாய் அருகிலும், எண்ணெய்க் குழாய்கள் அசையும் இடத்திலும் அதைக் கொண்டுபோகக் கூடாது. வளையும் குழாய்க்குள் செலுத்தி, இடைக்கிடை உலோகப் பிடிகளால் பிணைக்க வேண்டும். மடங்கும் இடத்தில் சிறிது தளர்வு விட வேண்டும். ஓட்டுநர் அறைக்குள் நுழையுமுன் ஒயரைக் கீழ்நோக்கி ஒரு வளைவு வளைத்துவிட்டால், மழைநீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். வேலையில்லாத மாதங்களில் கொட்டகையில் நிற்கும் யந்திரத்தின் ஒயரை எலி கடிக்கும். வளைகுழாய் அதற்கும் ஒரு காப்பு.

மின்சாரம்

டிராக்டரும் ஜே.சி.பி.யும் பெரும்பாலும் 12 வோல்ட் மின்சாரத்தில் இயங்குகின்றன; எக்ஸ்கவேட்டர்கள் பொதுவாக 24 வோல்ட். 12 வோல்ட்டுக்கு மட்டும் உரிய காமிராவை 24 வோல்ட்டில் இணைத்தால் அக்கணமே கெட்டுவிடும். 10 முதல் 32 வோல்ட் வரை ஏற்கும் சாதனமாக வாங்கினால், ஒரே உதிரிக் காமிராவைச் சங்கத்தின் எல்லா யந்திரங்களுக்கும் பயன்படுத்தலாம்.

என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது மின்னழுத்தம் தாழ்கிறது. என்ஜின் ஓடும்போது பாட்டரி இணைப்பு கழன்றால் திடீரென்று மிக உயர்கிறது. இவற்றைத் தாங்குவதற்கான ஐ.எஸ்.ஓ. 16750 சோதனையில் தேறியதா என்று விற்பவரிடம் கேட்கலாம். காமிராவுக்குத் தனி ப்யூஸ் அமைக்க வேண்டும். வாளிப் பற்களுக்கு வெல்டிங் வைக்குமுன் பாட்டரியையும் காமிராவையும் இணைப்பிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

பின்னோக்கிச் செல்லும் கியரைப் போட்டால் மட்டும் திரை ஒளிரும்படி காரில் அமைப்பார்கள். எக்ஸ்கவேட்டருக்கு அது பொருந்தாது. அதன் அபாயம் சுழல்வதிலும் உள்ளது ஆதலால், என்ஜின் ஓடும் வரை படம் இடைவிடாது தெரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஒயர் இல்லாத காமிரா வேண்டுமா?

ஒயர் இழுக்கும் வேலை இல்லை என்பதால் வானலை வழி இயங்கும் காமிராவைச் சிலர் விரும்புகின்றனர். அடிக்கடி கழற்றி மாட்டும் டிரெயிலருக்கு அது வசதியே. ஆனால் ஒரே உடலாக உள்ள யந்திரத்தில் ஒயர் வழியே வரும் படமே நம்பகமானது. பழைய வகை வானலைக் காமிராக்களில் பக்கத்து யந்திரத்தின் படம் நம் திரையில் வந்துவிடுவதும் உண்டு. டிஜிடல் வகையில் இக்குறை இல்லை. எனினும் பின்வரும் இரண்டு சோதனைகளைச் செய்யாமல் எந்தக் காமிராவையும் ஏற்கலாகாது.

முதலாவது, தாமதச் சோதனை. கைப்பேசியில் விநாடி எண்ணும் கடிகாரத்தை ஓடவிட்டுக் காமிராவின் முன் பிடியுங்கள். கைப்பேசியும் திரையும் சேர்ந்து தெரியுமாறு மற்றொரு கைப்பேசியால் புகைப்படம் எடுங்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசமே தாமதம். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் யந்திரம் 0.2 விநாடியில் சுமார் 28 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். தாமதம் ஒரு விநாடி ஆனால் ஏறத்தாழ 1.4 மீட்டர். இந்தக் கணக்கே வாங்கலாமா வேண்டாமா என்பதைச் சொல்லிவிடும்.

இரண்டாவது, உறைந்த படச் சோதனை. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே காமிராவின் இணைப்பைத் துண்டியுங்கள். திரை உடனே இருண்டுவிட வேண்டும். அல்லது இணைப்பு இல்லை என்று அறிவிக்க வேண்டும். கடைசியாகக் கண்ட படத்தையே காட்டிக்கொண்டு நிற்குமானால் அந்தச் சாதனத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஒருவரும் இல்லாத பழைய படத்தைப் பார்த்து ஓட்டுநர் பின்னோக்கி நகர்ந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

திரையும் இரவு வேலையும்

ஏழு அங்குலத் திரை பெரும்பாலான யந்திரங்களுக்குப் போதுமானது. நண்பகல் வெயிலிலும் படம் தெரிகிறதா என்று வெளியில் கொண்டுவந்து பார்த்த பிறகே வாங்க வேண்டும். இரவில் கண் கூசாதபடி ஒளியைக் குறைக்கும் வசதியும் வேண்டும். ஓட்டுநர் இயல்பாகக் கண்ணாடியைப் பார்க்கும் திசையில், நேர்ப்பார்வையை மறைக்காதபடி திரையை அமைக்க வேண்டும். பின்புறக் காமிராவின் படம் கண்ணாடியில் காண்பதுபோல் இடவலம் மாறித் தெரிய வேண்டும். இல்லையேல் இடப்புறம் நிற்பவர் வலப்புறம் நிற்பதாகத் தோன்றும்.

அகலமாகப் பார்க்கும் லென்ஸ், பொருள்களை உண்மையில் உள்ளதைவிடச் சிறியதாகவும் தூரத்தில் இருப்பதாகவும் காட்டும். எனவே யந்திரத்துக்குப் பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று மீட்டர் தூரங்களில் கல் வைத்து, அவை திரையில் எங்கே தெரிகின்றன என்பதை ஓட்டுநர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். திரையில் அளவுக் கோடுகள் இருப்பின் இந்தக் கற்களைக் கொண்டே சரிபார்க்கலாம்.

இரவில் பார்க்கக் காமிராவைச் சுற்றி அகச்சிவப்பு விளக்குகள் வைத்திருப்பார்கள். தூய காற்றில் அவை பயன்படும். ஆனால் அறுவடை வயலில் பறக்கும் தூசியில் அந்த ஒளி பட்டுத் திரும்புவதால், திரை முழுவதும் வெண்மூட்டமாகிவிடும். யந்திரத்தின் பின்புறம் தனியாக ஒரு வெள்ளை விளக்கை அமைத்து, குறைந்த ஒளியிலும் பார்க்கவல்ல காமிராவை வைப்பதே மேலான ஏற்பாடு.

விலைப்புள்ளி கேட்கும்போது

சங்கங்கள் விலைப்புள்ளி கேட்டு, குறைந்த விலைக்குத் தருபவரிடம் வாங்குவது நல்ல வழக்கமே. ஆனால் “காமிரா ஒன்று” என்று மட்டும் எழுதிக் கேட்டால், தரத்தில் மிகத் தாழ்ந்ததே வந்து சேரும். மேலே கண்ட தரங்களை வரிசையாக எழுதி, அவற்றுக்கு உட்பட்டவர்களுக்குள் விலையை ஒப்பிட வேண்டும். கணக்குக்காக ஓர் உதாரணம் கொள்வோம். ரூ. 3,000 விலையுள்ள காமிரா ஆண்டுதோறும் கெட்டுப்போனால் நான்கு ஆண்டுகளில் ரூ. 12,000 ஆகிறது, மாற்றும் கூலியும் யந்திரம் நின்ற நாட்களின் வாடகை நஷ்டமும் இதில் சேரவில்லை. ரூ. 9,000 விலையுள்ளது நான்கு ஆண்டுகள் உழைத்தால், அதுவே சிக்கனம்.

எல்லா யந்திரங்களுக்கும் ஒரேயடியாக வாங்காமல், மிகக் கடினமான வேலை செய்யும் யந்திரத்தில் ஒன்றைப் பொருத்தி ஒரு மாதம் பார்க்கலாம். உதிரிக் காமிராவும் ஒயரும் தனித்தனியே கிடைக்குமா, எத்தனை ஆண்டுகள் கிடைக்கும், பழுது பார்ப்பவர் எவ்வூரில் இருக்கிறார் என்பவற்றை எழுத்தில் பெற வேண்டும். ஓட்டுநரின் கருத்தையும் கட்டாயம் கேட்க வேண்டும். நாள்தோறும் அந்தத் திரையைப் பார்க்கப் போகிறவர் நிர்வாகக் குழுவினர் அல்லர், அவரே.

பொருத்திய பின்

காலையில் எண்ணெய், நீர் பார்க்கும்போதே ஈரத் துணியால் லென்ஸைத் துடைத்து, தாங்கியின் மரையாணிகளை அசைத்துப் பார்த்து, திரையில் ஓர் ஆளை நிறுத்திச் சரிபார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலைதான். யந்திரப் பதிவேட்டில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கினால் மறதிக்கு இடமிராது.

காமிரா வந்துவிட்டது என்பதற்காகப் பின்புறம் பார்க்கும் கண்ணாடியையோ, பின்னோக்கிச் செல்லும்போது ஒலிக்கும் எச்சரிக்கை மணியையோ, சைகை காட்டும் ஆளையோ நீக்கிவிடக் கூடாது. பின்புறம் மறையும் மண்வேலை யந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டுவதாயின், சுற்றுப்புற இரைச்சலை மீறிக் கேட்கும் எச்சரிக்கை ஒலி வேண்டும். அல்லது ஆபத்தில்லை என்று ஓர் ஆள் சைகை காட்ட வேண்டும் என்பது அமெரிக்கத் தொழிற்களப் பாதுகாப்பு விதி. நம் சங்கங்கள் மணி, காமிரா, ஆள் மூன்றையும் வைத்துக்கொள்வதே சரி. வேலை நடக்கும் இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டிக் குழந்தைகளை அப்பால் நிறுத்துவது இவை எல்லாவற்றிலும் முந்தியது, மலிவானதும் கூட.

படம் கெட்டுப்போன யந்திரம், பழுது நீங்கும் வரை சைகை காட்டும் ஆள் இல்லாமல் பின்னோக்கி நகரவோ சுழலவோ கூடாது என்று நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்றி, ஓட்டுநர் அறையில் எழுதி ஒட்ட வேண்டும். வேலை அவசரம் என்று வாடகைக்கு எடுத்த அங்கத்தினர் வற்புறுத்தினாலும், இந்த விதியைத் தளர்த்த ஓட்டுநருக்கு அதிகாரம் இருக்கக் கூடாது. விதியைக் கடைப்பிடித்ததற்காக அவர்மேல் குறை சொல்லவும் இடம் தரலாகாது.

கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்பார்கள். வரும் கோடையில் தூர் வாரும் பணி தொடங்குமுன், ஒவ்வொரு சங்கமும் தன் யந்திரங்களைச் சுற்றி ஒருமுறை சுண்ணாம்புக் கோடிட்டுப் பார்க்கட்டும். எந்தக் காமிரா, எத்தனை, எங்கே என்ற கேள்விகளுக்குப் பெரும்பாலான விடைகள் அந்தக் கோட்டிலேயே கிடைத்துவிடும்.